எண்ணூர்ச் சேற்றைத் தரவுதளத்தில் ஏற்றும் வழி

கல்லூரி ஆய்வகம் ஒன்றில் மாதிரி அறையும் கணினி அட்டவணைகளும் என் பொறுப்பு. நிலவியல் படிக்கும் பிள்ளைகள் எண்ணூர்க் கழிமுகத்திலும் திருவொற்றியூர்க் கரையிலும் பழவேற்காட்டிலும் சேறும் மணலும் அள்ளி வருவார்கள். காயவைத்து, சலித்து, அமிலத்தில் கரைத்து, எண்களை வாங்கி, கட்டுரை எழுதி அனுப்பிய பிறகு ஒருநாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார்கள்: "அக்கா, டேட்டாவை ரெபாசிட்டரில போட்டாதான் பேப்பரை எடுப்போம்னு ஜர்னல்ல சொல்றாங்க. நாளைக்குள்ள முடிச்சிடலாமா?"

ரெபாசிட்டரி என்பது ஆய்வு எண்களை யாரும் எடுத்துப் பார்க்கும்படி இணையத்தில் சேர்த்துவைக்கும் தரவுதளம். அதில் ஏற்றுவது அரை மணி நேர வேலை. ஆனால் அந்த அரை மணிக்குத் தேவையான விவரங்களில் பாதியைப் பையில் சேறு விழுந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். அன்றைக்கு விட்டதை ஆய்வகத்தில் உட்கார்ந்துகொண்டு மீட்க முடியாது. அதனால் இந்த வழிகாட்டியைப் படகிலிருந்தே தொடங்குகிறேன். கடவுச்சொல், பதிவேற்றப் பொத்தான் எல்லாம் கடைசியில்தான் வரும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு அவசரமும் உண்டு. இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும். 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கியபின் அந்த மணல் துறைமுகச் சுவருக்குத் தெற்கே தங்கி மெரினாவை அகலமாக்கியது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. கருங்கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள் போட்டார்கள். முந்தைய தலைமுறை ஆய்வாளர் நின்று மணல் அள்ளிய இடம் இன்று பல இடங்களில் அலைக்குள் இருக்கிறது. கழிமுகத்திலோ தூர்வாரல் நடக்கிறது, அனல்மின் நிலையச் சாம்பல் வந்து படிகிறது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து சேர்ந்தது. அந்த டிசம்பருக்கு முன் எடுத்த ஒரு பை சேற்றை இனி எத்தனை படகு வைத்துப் போனாலும் எடுக்க முடியாது. அதன் எண்கள் யாரோ ஒருவருடைய பென்டிரைவில் கிடப்பதும் இல்லாமல் போவதும் எனக்கு ஒன்றுதான்.

எங்கே ஏற்றுவது

இதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு தரவுதளமும் வேறு வேறு விவரம் கேட்கும். பாறை, மணல், சேறு ஆகியவற்றின் வேதியியல் அளவுகள் என்றால் எர்த்கெம் நூலகம் பொருத்தம். கடல்சார் படிவுகள், குழாய் இறக்கி எடுத்த அடுக்கு மாதிரிகள் என்றால் ஜெர்மனியிலிருந்து இயங்கும் பாங்கேயாவைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். இரண்டு இடத்திலும் உங்கள் அட்டவணையை ஒரு ஆள் திறந்து பார்த்து, கேள்வி கேட்டு, திருத்தச் சொல்லி, பிறகுதான் வெளியிடுவார். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஜெனோடோவில் எந்தத் துறைத் தரவையும் போடலாம், உடனே டிஓஐ எண், அதாவது அந்தத் தரவை என்றும் தேடிப்பிடிக்க உதவும் நிரந்தர அடையாள எண், கிடைக்கும். ஆனால் உள்ளே இருக்கும் எண்கள் சரியா என்று அங்கே யாரும் சரிபார்ப்பதில்லை. அவசரக்காரர்கள் எல்லாரும் ஜெனோடோவுக்கே ஓடுவதற்குக் காரணம் அதுதான். என் கட்சி கேள்வி கேட்கும் தரவுதளத்தின் பக்கம். அந்தக் கேள்விகளைச் சந்தித்து வந்த அட்டவணைதான் பிறருக்குப் பயன்படுகிறது.

தரவுக்கு டிஓஐ இருப்பதுபோல மாதிரிக்கே ஒரு எண் உண்டு: ஐஜிஎஸ்என். உலகத்தில் வேறு எந்தக் கல்லுக்கும் சேற்றுக்கும் அந்த எண் வராது. 2021இல் ஐஜிஎஸ்என் அமைப்பு டிஓஐ வழங்கும் டேட்டாசைட் அமைப்போடு சேர்ந்ததால், இப்போது பதியும் எண்கள் டிஓஐ வடிவத்திலேயே வருகின்றன. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாமோன்ட்-டோஹர்ட்டி ஆய்வகத்திலிருந்து இயங்கும் செசார் தளத்தில் இலவசமாகப் பதியலாம். ஒவ்வொன்றாகப் படிவத்தில் நிரப்பலாம். நிறைய இருந்தால் அவர்கள் தரும் எக்செல் படிவத்தில் மொத்தமாக நிரப்பி ஏற்றலாம். "எஸ்-1" என்ற பெயரில் சென்னையில் மட்டும் எத்தனை பை இருக்குமோ! அதனால் இந்த எண் வாங்குவதை விட்டுவிடாதீர்கள்.

படகில் எழுத வேண்டியது

எங்களுக்குக் கழிமுகத்தில் படகு ஓட்டுபவர் தாழங்குப்பத்தில் இருக்கும் என் மாமா. பிள்ளைகள் குறிப்பேட்டைத் திறந்ததும் அவர் பேச ஆரம்பித்துவிடுவார்.

"பாப்பா, போன வருசம் ஆத்துவாய் இங்க இல்ல. அப்பிடி வடக்கால இருந்துச்சு. நடுவுல அடைச்சிக்கினு, மிசினு வச்சு வாரி உட்டாங்க."

"எந்த மாசம் மாமா வாரினாங்க?"

"ஆடிக்கு முன்னாடி."

இதையும் எழுதிக்கொள்ளச் சொல்வேன். தூர்வாரிய இடத்தில் மேலே கிடக்கும் சேறு புதுச் சேறாக இருக்கலாம், அடியிலிருந்து கிளறி வந்த பழைய சேறாகவும் இருக்கலாம். பின்னால் எண்கள் விநோதமாக வரும்போது, குறிப்புப் பத்தியில், அதாவது அட்டவணையின் குறிப்பு நெடுவரிசையில், இருக்கும் அந்த ஒரு வரிதான் காரணம் சொல்லும். நீரோட்டம் தெண்டியா வண்ணியா, அதாவது தெற்கிலிருந்து ஓடுகிறதா வடக்கிலிருந்தா என்று மாமா சொல்வதையும் சேர்த்துக்கொள்வோம். எந்தத் தரவுதளத்திலும் அதற்குத் தனிப் பத்தி கிடையாது. குறிப்புகள் என்ற பத்தியில் போனால் போதும்.

கட்டாயம் எழுத வேண்டியவை: மாதிரியின் பெயர், தேதி, நேரம், இடப்புள்ளி, ஜிபிஎஸ் எத்தனை மீட்டர் துல்லியம் காட்டியது, தண்ணீரின் ஆழம், எதைக் கொண்டு எடுத்தோம், நிறம், வாடை, யார் எடுத்தது. கருவியை எழுதப் பலர் மறக்கிறார்கள். கிராப் என்கிற இரும்புக் கவ்வி மேலடுக்கைக் கலக்கித்தான் அள்ளும். பிவிசி குழாயை இறக்கி எடுத்தால் அடுக்கு அப்படியே நிற்கும். மேல் 2 சென்டிமீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பலாமா வேண்டாமா என்பதைக் கருவியின் பெயரை வைத்துத்தான் படிப்பவர் முடிவு செய்வார். நேரத்தை எழுதுவது ஓதத்துக்காக. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுக்கு வரும். கழிமுகத்தில் முழங்கால் ஆழத்துச் சேற்றுக்கு அது பெரிய வித்தியாசம். 24 மணி நேரக் கணக்கில் எழுதி, இந்திய நேரம் என்று குறித்துவிடுங்கள். தேதி 2024-02-17 என்ற வடிவில் இருக்கட்டும். 03/04/2024 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காவில் இருப்பவருக்கு மார்ச் 4. ஒன்று கோடைத் தொடக்கம், இன்னொன்றும் கிட்டத்தட்ட அதேதான் என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

பையின் மேல் மார்க்கரால் எழுதுவது ஈரத்தில் அழியும். தடித்த தாளில் பென்சிலால் எழுதி, அதைச் சின்ன ஜிப் கவரில் போட்டு, பெரிய பைக்குள் வையுங்கள். வெளியிலும் எழுதுங்கள்.

பெயர் வைக்கும்போதே எக்செலை நினைத்துக்கொள்ளுங்கள். மெரினாவில் எடுத்ததற்கு ஆங்கிலத்தில் அதன் முதல் மூன்று எழுத்தையும் 1 என்ற எண்ணையும் சேர்த்துப் பெயர் வைத்தால், எக்செல் அதை மார்ச் 1 ஆக்கிவிடும். நிலையம் 2, கிழக்கு, 3 என்பதை ஆங்கிலச் சுருக்கத்தில் 2ஈ3 என்று தட்டினால் அது 2000 ஆகிவிடும். 007 என்பது 7 ஆகும். மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே 2020இல் எக்செலுக்குப் பயந்து மார்ச், செப்டம்பர் போலத் தெரிந்த மரபணுப் பெயர்களை மாற்ற வேண்டியதாயிற்று. நமக்கு என்ன வீம்பு? ஆய்வுக் குழுவின் எழுத்து, ஆண்டு, இடக் குறி, வரிசை எண் என்று நீளமாகவே வையுங்கள். இடைவெளியும் சாய்கோடும் வேண்டாம்.

இடப்புள்ளி

என்னிடம் வரும் அட்டவணைகளில் அதிகம் கெட்டுப்போவது இதுதான். கொசஸ்தலை கடலில் சேரும் இடத்துக்கு அருகே ஒரு புள்ளி 13 பாகை 13 நிமிடம் 48 விநாடி வடக்கு, 80 பாகை 19 நிமிடம் 48 விநாடி கிழக்கு என்று வைத்துக்கொள்வோம். தரவுதளத்துக்குத் தசமப் பாகை வேண்டும். நிமிடத்தை 60ஆல், விநாடியை 3600ஆல் வகுத்துக் கூட்டினால் 13.23, 80.33 என்று வரும். வகுக்கச் சோம்பல்பட்டு எண்களை அப்படியே ஒட்டி 13.1348, 80.1948 என்று எழுதுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். வரைபடத்தில் அந்தச் சேறு கொளத்தூருக்கும் புழலுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். கடல் உப்பு அளவு மட்டும் அட்டவணையில் நன்றாக இருக்கும்.

அதைவிட நைச்சியமான பிழை ஒன்று உண்டு: அட்சரேகையும் தீர்க்கரேகையும் பத்தி மாறுவது. டெல்லிக்காரருக்கும் மும்பைக்காரருக்கும் நமக்கும் தீர்க்கரேகை 90க்குள்தான் என்பதால், மாறிப் போனாலும் கணினி கண்டுபிடிக்காது. அட்சரேகை 90ஐத் தாண்டினால்தான் அது சத்தம் போடும். 80.33 வடக்கு என்பது அதன் கண்ணுக்கு முறையான இடமே. எண்ணூர்ச் சேறு ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே பனிக்கடலில் மிதக்கும். எனவே ஏற்றுவதற்கு முன் எல்லாப் புள்ளிகளையும் கூகுள் எர்த்திலோ கியூஜிஐஎஸ்ஸிலோ போட்டுக் கண்ணால் பாருங்கள். ஐந்து நிமிடம் ஆகாது.

கடலோரப் புள்ளிக்கு இன்னொரு எச்சரிக்கை. இன்றைய செயற்கைக்கோள் படத்தில் உங்கள் புள்ளி கடலுக்குள் தெரிந்தால் உடனே பிழை என்று திருத்திவிடாதீர்கள். எடுத்த ஆண்டில் அங்கே கரை இருந்திருக்கலாம். கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பார்க்கும் வசதி உண்டு. எடுத்த தேதிக்கு நெருங்கிய படத்தை வைத்துச் சரிபாருங்கள். பழைய ஆய்வேடு ஒன்றிலிருந்த கடற்கரைப் புள்ளிகளை ஒரு மாணவர் "கரைக்கு" நகர்த்தி வைத்திருந்தார். அந்த ஆய்வேட்டில் பயனுள்ளதாக இருந்த ஒரே விஷயம் கரை அன்று எங்கே இருந்தது என்பதுதான்.

எத்தனை தசமம்? ஐந்தாவது தசமம் ஏறக்குறைய ஒரு மீட்டர். செல்பேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தவறும் என்பதால் அதற்கு மேல் எழுதுவது வீண் அலங்காரம். எந்த அடிப்படை, அதாவது பூமியின் வடிவத்தை எப்படி எடுத்துக்கொண்டு புள்ளியைக் கணக்கிட்டது என்பதையும் எழுதுங்கள்: ஜிபிஎஸ் கருவி என்றால் டபிள்யூஜிஎஸ் 84. பழைய இந்திய நில அளவைத் தாள்களிலிருந்து புள்ளி எடுத்திருந்தால் அவை எவரெஸ்ட் அடிப்படையில் இருக்கும். மாற்றாமல் போட்டால் புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். கழிமுகத்தின் அகலத்துக்கு, சேறு எடுத்த இடம் சாலையாகிவிட அது போதும்.

ஆழம்

குழாய் மாதிரியை 2 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுகிறீர்கள். 0-2, 2-4, 4-6 என்று எக்செலில் தட்டுகிறீர்கள். 2-4 என்பது ஏப்ரல் 2 ஆகிவிடும். 4-6 ஜூன் 4. 0-2 மட்டும் தப்பிக்கும், பூஜ்யம் தேதி இல்லாததால். 2024இல் தட்டியிருந்தால் அந்த ஏப்ரல் 2க்கு எக்செல் உள்ளே வைத்திருக்கும் எண் 45384. யாராவது அந்தப் பத்தியை எண் வடிவத்துக்கு மாற்றினால், சென்டிமீட்டரில் படித்தால், உங்கள் சேறு 453 மீட்டர் ஆழத்திலிருந்து வந்ததாக ஆகும்.

மேல் ஆழம் ஒரு பத்தி, கீழ் ஆழம் ஒரு பத்தி. இரண்டிலும் வெறும் எண். அலகு பத்தித் தலைப்பில். இவ்வளவுதான் மருந்து. நடு ஆழம் என்று ஒன்றை மட்டும் கொடுக்காதீர்கள்; 3 என்றால் 2-4ஆ, 1-5ஆ என்று வெளியாளுக்குத் தெரியாது. தண்ணீரின் ஆழமும் சேற்றுக்குள் ஆழமும் ஒரே பத்தியில் கலக்கவே கூடாது.

குழாய்க்கு ஒரு ஐஜிஎஸ்என், அதிலிருந்து வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஐஜிஎஸ்என் வாங்கி, துண்டின் பதிவில் தாய் எண்ணைக் குறிப்பிடுங்கள். துண்டை மறுபடி பாதியாக்கி ஒன்றை வேதியியலுக்கும் ஒன்றை நுண்ணோக்கிக்கும் கொடுத்தாலும் இதே முறை. சாம்பல் கலந்த சேற்றில் நுண்ணோக்கியில் கண்ணாடி உருண்டைகள் தெரியும். அந்த எண்ணிக்கையும் உலோக அளவும் ஒரே துண்டிலிருந்து வந்தவைதான் என்று காட்ட இந்தத் தாய்-பிள்ளைத் தொடர்பைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

எண்களுக்குப் பின்னால் இருப்பது

எண்ணூர்ச் சேற்றில் குரோமியம் இவ்வளவு என்று எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். எதைக் கரைத்து அளந்தீர்கள்? மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக், ஒரு பங்கு நைட்ரிக் சேர்ந்த ராஜ திராவகம் சிலிகேட் கனிமங்களை முழுக்கக் கரைக்காது. குரோமியம் உள்ள குரோமைட் போன்ற கனிமங்களும் பெருமளவு அப்படியே அடியில் நிற்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்த்து முழுக்கக் கரைத்தவரின் எண் அதே சேற்றுக்கே கூடுதலாக வரும். எக்ஸ் கதிர் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் தூளை அழுத்தி அளந்தவரின் எண் இன்னொன்றாக இருக்கும். மூன்றையும் ஒரே வரைபடத்தில் போட்டு "மாசு அதிகரித்துவிட்டது" என்று ஒருவர் எழுதினால், குற்றம் அவருடையது மட்டும் இல்லை. முறையை எழுதாமல் ஏற்றியவருக்கும் அதில் பங்கு உண்டு. வட சென்னையில் இப்படிப்பட்ட எண்கள் வழக்கு, ஆய்வுக் குழு, பத்திரிகை என்று எங்கெங்கோ போகும். யாரும் எடுத்துப் புரட்டக்கூடிய எண்ணுக்கு முறை எழுதாமல் விடுவது எனக்குச் சம்மதம் இல்லை.

ஆகவே முறைக்குத் தனித் தாள் ஒன்று வேண்டும். எத்தனை பாகைச் சூட்டில் காயவைத்தீர்கள்? பாதரசம் அளப்பதாக இருந்தால் 105இல் காயவைத்ததை யாரும் ஏற்கமாட்டார்கள். அது ஆவியாகிப் போய்விடும். உப்பை அலசினீர்களா? மொத்தச் சேற்றையும் அரைத்தீர்களா, 63 மைக்ரான் சல்லடையில் இறங்கியதை மட்டும் எடுத்தீர்களா? உலோகங்கள் நுண்துகளில்தான் அதிகம் ஒட்டும். கழிமுகச் சேற்றின் நுண்பகுதியையும் திருவொற்றியூர்க் கரை மணலின் மொத்தப் பகுதியையும் பக்கத்தில் வைத்தால், மணல் சுத்தமாகத்தான் தெரியும். அலுமினியத்தையும் அளந்திருந்தால் அதையும் சேர்த்து ஏற்றுங்கள். நுண்துகள் எவ்வளவு என்பதற்கு அது அடையாளம் என்பதால், மற்றவர்கள் அதை வைத்து ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

இரும்பை எழுதும்போது எந்த வடிவில் என்று சொல்லுங்கள். முழு இரும்பையும் ஃபெரிக் ஆக்சைடாகச் சொன்னால் 5 சதவீதம். அதே இரும்பு ஃபெரஸ் ஆக்சைடாக 4.5, வெறும் இரும்பாக 3.5. "இரும்பு 5%" என்று மட்டும் எழுதிய அட்டவணையை யாராலும் பயன்படுத்த முடியாது. பெரும்பகுதித் தனிமங்களைச் சதவீதத்திலும் சிறு அளவுத் தனிமங்களைக் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றும் கொடுப்பது வழக்கம். பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று எழுதினாலும் எடைக்கணக்கில்தான், உலர்ந்த எடைக்குத்தான் என்று ஒரு வரி சேருங்கள்.

கருவியால் காண முடியாத அளவு என்று வந்தவற்றைப் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். அளந்து கிடைக்காததும், அளக்கவே இல்லாததும் வேறு வேறு. வெற்றுக் கட்டம் அளக்காததற்கு. அளந்தும் எட்டாததற்கு "<0.5" என்று குறியிட்டு எழுதலாம், அல்லது பக்கத்தில் ஒரு பத்தி வைத்து வரம்புக்குக் கீழ் என்று சொல்லலாம், தரவுதளத்தின் படிவம் எதைக் கேட்கிறதோ அதைச் செய்யுங்கள். எதுவானாலும் ஒவ்வொரு தனிமத்துக்கும் அந்த வரம்பு எவ்வளவு என்பதை முறைத் தாளில் எழுதிவிடுங்கள். வரம்பின் பாதியைப் போட்டு நிரப்பும் பழக்கம் சிலருக்கு உண்டு. உங்கள் புள்ளியியல் கணக்குக்கு அது சரியாகவே இருக்கட்டும், ஏற்றும் அட்டவணைக்குள் அது வரக்கூடாது.

அளவு முன்பே உறுதியாகத் தெரிந்த ஒப்பீட்டுப் பொருளின் எண்களையும் சேர்த்து ஏற்றுங்கள். கனடா தேசிய ஆய்வுக் குழு தரும் மெஸ்-4, பேக்ஸ்-3 போன்ற கடற்சேற்றுத் தரங்களில் ஒன்றை உங்கள் மாதிரிகளோடு சேர்த்து ஓட்டியிருப்பீர்கள். சான்றிதழில் உள்ள அளவு, உங்களுக்கு வந்த அளவு, எத்தனை முறை ஓட்டினீர்கள் என்ற மூன்றும் வேண்டும். வெளி ஆய்வகத்தில் காசு கொடுத்து அளந்தவர்களுக்கு இந்த எண்கள் கையில் இருக்காது. கேளுங்கள். தர மறுக்கிற இடத்தில் அடுத்த முறை கொடுக்காதீர்கள்.

கோப்பு

தலைப்பு ஒரே வரி. ஒரு வரிக்கு ஒரு மாதிரி. கட்டங்களை இணைக்காதீர்கள், நிறம் பூசாதீர்கள். "மஞ்சள் நிறத்தில் இருப்பவை சந்தேகமானவை" என்று ஒரு பிள்ளை சொல்லும். வெறும் எழுத்தாகவும் எண்ணாகவும் மட்டும் சேமிக்கும் சிஎஸ்வி கோப்பாக ஆக்கியதும் மஞ்சள் போய்விடும், சந்தேகமும் சேர்ந்து போய்விடும். சந்தேகத்துக்கு ஒரு பத்தி வைத்துச் சொல்லில் எழுதுங்கள். நடுவில் சராசரி வரி, அடியில் கூட்டல் வரி எதுவும் வேண்டாம்.

சிஎஸ்வி ஆக்கும்போது எக்செல் ஒரு குறும்பு செய்யும்: கட்டத்தில் கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுதும், உள்ளே இருப்பதை அல்ல. 13.23417 என்ற புள்ளி இரண்டு தசமத்தில் தெரியும்படி வைத்திருந்தால் கோப்பில் 13.23 மட்டுமே போகும். ஆகவே முதலில் தசமங்களை விரித்துவிட்டுச் சேமியுங்கள். சேமித்ததை மறுபடி எக்செலில் திறந்து சரிபார்க்கவும் வேண்டாம், அது திரும்பவும் தேதி ஆக்கும். நோட்பேடில் திறந்து பாருங்கள்.

ஊர்ப் பெயர், குறிப்புகள் ஆகியவற்றைத் தமிழில் வைத்திருந்தால் சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியில் தமிழ் முழுக்கக் கேள்விக்குறி ஆகிவிடும். பழைய களக் குறிப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருவர் உட்கார்ந்து படித்துவிட வேண்டும். தரவுதளம் ஆங்கிலத்தில் இயங்குகிறது என்பதற்காகத் தமிழ்க் குறிப்பை நீக்க வேண்டியதில்லை. ஆங்கிலச் சுருக்கத்தை ஒரு பத்தியிலும் மாமா சொன்னதை அப்படியே இன்னொரு பத்தியிலும் வைக்கலாம். நெட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம், காட்டுக்குப்பம் போன்ற பெயர்களை இடப்பெயர்ப் பத்தியில் முழுதாக எழுதுங்கள். "எண்ணூர் அருகே" என்று எழுதினால் அது எவ்வளவு நீளக் கரை என்று எங்களுக்குத் தெரியும், பாரிசில் இருப்பவருக்குத் தெரியாது.

அட்டவணையோடு விளக்கக் கோப்பு ஒன்று போகட்டும்: ஒவ்வொரு பத்தியும் என்ன, அலகு என்ன, எந்தக் கட்டுரையோடு தொடர்பு, எந்தத் திட்டத்தின் நிதி.

படங்கள்

மாதிரி எடுத்த இடத்தின் படம் சேர்த்தால் நல்லது. ஆனால் நம் பக்கத்தில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் துறைமுகமோ மின் நிலையமோ கப்பல் கட்டும் தளமோ பின்னால் வந்துவிடும். சேற்றை நோக்கிக் கீழே பார்த்து எடுங்கள், அளவுக்கு ஒரு அளவுகோல் வையுங்கள். வலை இழுப்பவர்கள், நண்டு பிடிக்கும் பெண்கள் முகம் தெரியும் படத்தை அவர்களைக் கேட்காமல் உலகத்துக்குத் திறந்துவிடக் கூடாது. மாமாவின் பெயரை உதவியவர்கள் பட்டியலில் போடலாமா என்று நான் கேட்டுத்தான் போட்டேன். படகு எண் மட்டும் வேண்டாம் என்றார்.

ஏற்றும் நாள்

ஆர்கிட் கணக்கு தொடங்கி வைத்துக்கொள்ளுங்கள். 16 இலக்க எண் அது, பெரும்பாலான தளங்களில் அதைக் கொண்டே உள்ளே போகலாம். "எஸ். குமார்" என்ற பெயரில் எத்தனை பேர் இருந்தாலும் யார் எந்த எஸ். குமார் என்று அது சொல்லிவிடும். முதலில் செசாரில் மாதிரிகளைப் பதிந்து ஐஜிஎஸ்என் வாங்கி, அந்த எண்களை அட்டவணையில் ஒரு பத்தியாகச் சேர்த்து, அதன் பிறகு அட்டவணையை எர்த்கெம்மிலோ பாங்கேயாவிலோ ஏற்ற வேண்டும். வரிசை மாறினால் இரட்டை வேலை.

உரிமம் என்று கேட்கும் இடத்தில் சிசி பை 4.0 தேர்ந்தெடுத்தால், யாரும் பயன்படுத்தலாம், உங்களைக் குறிப்பிட வேண்டும் என்று பொருள். கட்டுரை வெளியாகும் வரை தரவை மூடிவைக்கும் வசதி உண்டு, தேதி கொடுத்துவிட்டால் அன்றைக்குத் தானே திறக்கும். வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஒப்புதலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். "சார், டேட்டா போடறேன்" என்று வராந்தாவில் நடந்துகொண்டே கேட்பது ஒப்புதல் ஆகாது.

சில நாளிலோ சில வாரத்திலோ தரவுதளத்திலிருந்து கேள்விகள் வரும். நாம் தப்பு செய்துவிட்டோம் என்று பிள்ளைகள் பதறுவார்கள். "அளவு வரம்பு எங்கே? இந்த ஆறு புள்ளிகளின் தீர்க்கரேகை ஒன்றாகவே இருக்கிறதே?" என்கிற மாதிரிக் கேள்விகள்தான். அன்றே பதில் எழுதுங்கள். தாமதித்தால் கட்டுரையும் தாமதமாகும். வெளியான பின் ஒரு எண் தப்பு என்று தெரிந்தால் மறைக்க வேண்டாம். திருத்திய பதிப்பாக ஏற்றலாம். ஜெனோடோவில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி டிஓஐயும் எல்லாப் பதிப்புக்கும் சேர்த்துப் பொதுவாக ஒன்றும் கிடைக்கும். எதைத் திருத்தினீர்கள் என்று விளக்கக் கோப்பில் ஒரு வரி.

தொடர்புக்கு மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் மாணவர் தன் சொந்த முகவரியைப் போடுவார். படிப்பு முடிந்து அவர் வேலைக்குப் போனபின் அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. ஆய்வகத்தின் பொது முகவரியைப் போடுங்கள். மிச்சச் சேறு எங்கே இருக்கிறது என்ற பத்தியையும் காலியாக விடாதீர்கள்: எந்த அறை, எந்த அலமாரி, எத்தனை கிராம் மீதி. எங்களுடையது கடலுக்கு அருகிலுள்ள கட்டடம், உப்புக் காற்றில் இரும்பு அலமாரியே உதிர்கிறது. அதனால் ஐஜிஎஸ்என் வந்ததும் அதை அச்சிட்டு, ஒன்றைப் பைக்குள்ளும் ஒன்றைப் பிளாஸ்டிக் டப்பாவின் வெளியிலும் ஒட்டி, பழைய களப் பெயரையும் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன். யாராவது மீதியைக் கேட்டு எழுதினால், எடுத்துக் கொடுத்த அளவைக் கழித்து அந்தப் பதிவையும் திருத்தி விடுவேன்.